சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை

போன வாரம் உங்கள் மருத்துவமனைக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். இருதயக் குழாய் அடைப்பை நீக்கி வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் ஒரு மாதத்துக்குள் மறுபடியும் வந்து படுப்பதை எப்படிக் குறைப்பது என்று பேச்சு. ஓய்வு பெற்ற நர்ஸ் கிழவி இரண்டு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பூங்கொத்தும் கொடுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களில் ஒரு பெண் எழுந்து, "பாதிப் பேர் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை மேடம், நாம் என்ன செய்ய முடியும்?" என்றாள். அத்தனை பேரும் தலையாட்டினீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே வாயைத் திறந்திருந்தால் பூங்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதாகியிருக்கும். அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொன்ன பேச்சைக் கேட்காதவர்களைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. சொன்ன பேச்சை எழுத்துப் பிசகாமல் கேட்ட ஒருவரைப் பற்றி நான் சொல்கிறேன். கேட்டதால்தான் அவர் சாகப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருதய வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். அதுவரை குழாய் அடைப்பு என்றால் எல்லோரும் பெங்களூருக்குத்தான் ஓடுவார்கள். எங்கள் மருத்துவமனையில் இருதயக் குழாய்க்குள் கம்பி விட்டு வைத்தியம் செய்கிற கேத் லேப் புதிதாக வந்திருந்தது. அதோடு ஒரு பெரிய டாக்டரும் வந்தார். கை சுத்தமான கை, அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். தொடையில் ஊசி போட்டுக் கம்பியைச் செலுத்தி, அடைத்த இடத்தைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன உலோக வலைக் குழாயை வைத்துவிட்டு வருவதை அவர் செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாய்தான் அவசரம். வார்டுச் சுற்றில் ஒரு கட்டிலுக்கு அவர் கொடுக்கும் நேரத்தில் ஒருவர் மூக்கைச் சிந்தி முடிக்க முடியாது.

அவரிடம் வந்தவர் சம்பத்குமாரன். பூர்வீகம் மேல்கோட்டை, குடியிருப்பு மைசூர் அக்ரஹாரம். ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. காலையில் திருமண் இட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறவர். எதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வார். வார்டில் தண்ணீர் குடிக்கலாமா, இடது பக்கம் திரும்பிப் படுக்கலாமா என்றெல்லாம் கேட்டு எங்கள் பெண்களைச் சலிக்க வைத்தார். அவர் மனைவி யதுகிரி அம்மாள் அதற்கு நேர் எதிர். யாரிடமும் ஒரு கேள்வி கேட்க மாட்டார், வராந்தா பெஞ்சில் வெள்ளித் தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

ஸ்டென்ட் வைத்த முதல் சில வாரங்களுக்கு அந்த உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. அன்றைக்குக் காலையும் இரவுமாக ஒரு மாத்திரை, கூட ஆஸ்பிரின். நிறுத்தினால் குழாய் மூடிக்கொள்ளலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் எதை அழுத்திச் சொன்னார் தெரியுமா? அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு நோயாளி மாத்திரையால் வயிற்றுப் புண் வந்து ரத்த வாந்தி எடுத்திருந்தார். அந்தப் பயம் டாக்டருக்கு. சம்பத்குமாரன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, கன்னடத்தில், "ஊட்டா ஆத மேலே! சாப்பாட்டுக்கு அப்புறம்தான். வெறும் வயிற்றில் போட்டால் உள்ளே ரத்தம் கசியும், உயிர் போகும், நான் பொறுப்பில்லை" என்றார். மனிதர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அது மார்கழி. வைகுண்ட ஏகாதசி கழிந்த மறுநாள் சாயங்காலம் சம்பத்குமாரனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சில் வலி, சட்டை முழுக்க வேர்வை. எங்கள் வார்டு நோயாளி என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். கேஷுவாலிட்டியில் இருந்த டூட்டி டாக்டர் சின்னப் பையன், நல்லவன்தான். ஈசிஜி எடுத்தான். முன்பே இருந்த மாறுதல்களோடு கலந்து கிடந்ததால் தாளைப் பார்த்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பெரிய டாக்டர் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். மண்டபத்துக்கு ஃபோன் போட்டுப் பிடித்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை தப்பாமல் போட்டாரா?"

டூட்டி டாக்டர் திரும்பிக் கேட்டான். சம்பத்குமாரன் மூச்சு வாங்கிக்கொண்டே, "தப்பாம போட்டேன். சொன்னபடியே போட்டேன்" என்றார்.

அதை அப்படியே ஃபோனில் சொன்னான். மாத்திரை போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஸ்டென்ட் மூடாது, வாயுவாக இருக்கும், ஊசி போட்டு வைத்துப் பாருங்கள், நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது.

உங்களுக்குச் சொல்கிறேன், வாயு என்ற வார்த்தை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசியுங்கள். எனக்கு அவர் முகம் பிடிக்கவில்லை. சாம்பல் பூசியது மாதிரி இருந்தது. எப்படியும் லேபுக்குப் போக வேண்டி வரும் என்று தோன்றியதால், லேபுக்கு அனுப்புவதற்கு முன் யாரும் கேட்கிற கேள்வியை யதுகிரி அம்மாளிடம் கேட்டேன்.

"கடைசியா எப்பங்க சாப்பிட்டார்?"

"இன்னிக்குக் காத்தால விரதம் முடிச்சுப் பாரணை ஆச்சு. அவ்வளவுதான். ராத்திரிக்குக் கிடையாது."

"நேத்து?"

"நேத்திக்கு ஏகாதசின்னா. ஆத்துல தளிகையே கிடையாது. துளசி தீர்த்தம் மட்டும்தான்."

"முந்தாநாள்?"

"தசமி. அன்னிக்கு ஒருவேளைதான். அவர் இதெல்லாம் விடவே மாட்டார்."

எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. நான் கொள்ளேகாலத்துக்காரி, எங்கள் வீட்டில் விரதம் என்றால் சனிக்கிழமை கறி எடுக்க மாட்டோம், அவ்வளவுதான். ஆனாலும் "அப்ப மாத்திரைங்கம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சாப்ட்டாத்தானே மாத்திரை?"

அதாவது, புது ஸ்டென்ட் வைத்த மனிதர், மூன்று நாளில் பாதிக்கு மேல் மாத்திரையை விட்டிருக்கிறார். இதை ஒருவரும் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள். கேள்விதான் உதவாக்கரைக் கேள்வி.

நான் ஓடினேன். பெரிய டாக்டர் வரும்வரை காத்திருந்தால் மனிதர் தாங்க மாட்டார். கேத் லேப் டெக்னீஷியன் வீடு பக்கத்துத் தெரு, ஆள் அனுப்பி வரச் சொன்னேன். இயந்திரங்களைத் தயார் செய்யச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னேன். பிறகு மண்டபத்துக்கு நானே ஃபோன் போட்டேன். "டாக்டர், மூணு நாளா மாத்திரை சரியாப் போகலைங்க. லேப் ரெடி ஆகுது. நீங்க வரணும்" என்றேன். "யாரைக் கேட்டு லேபைத் திறந்தீங்க?" என்றார். "வந்து திட்டுங்க டாக்டர், இப்ப வாங்க" என்று வைத்துவிட்டேன்.

வந்தார். பட்டு ஜிப்பாவோடு வந்து உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டென்ட் முழுதும் மூடியிருந்தது. திறந்துவிட்டார். உயிர் நின்றது. ஆனால் வாயு வாயு என்று நாங்கள் கடத்திய நேரத்தில் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அது திரும்பி வராது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு மாடி ஏறினாலும் நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று.

இதுவரை நடந்ததற்கு என் கோபத்தைப் பாதியாவது அடக்கிக்கொள்வேன். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

லேபை விட்டு வெளியே வந்த பெரிய டாக்டர் வராந்தாவில் யதுகிரி அம்மாளைப் பார்த்தார். பெஞ்சு நிறைய மற்ற நோயாளிகளின் உறவினர்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார். "உங்க வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திட்டார். கேட்டா போட்டேன்னு பொய் சொல்றார். பொய் சொன்னா டாக்டர் என்ன செய்ய முடியும்? நாளைக்கு என்னைக் குறை சொல்லாதீங்க, சிஸ்டரே சாட்சி."

நான் சாட்சியாம். நான் ஓடிப்போய்ச் சொன்ன சேதியை எடுத்து அந்த மனிதர் தலையிலேயே போட்டார். யதுகிரி அம்மாளுக்கு விரத நாள் என்பது மாத்திரை தவறிய கணக்கிலேயே வராது. அதனால் டாக்டர் சொன்னதற்கு அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். தனக்குத் தெரியாமல் கணவர் மாத்திரைகளை எங்கோ எறிந்திருக்கிறார் என்று நம்பிவிட்டார். இவ்வளவு பெரிய டாக்டர், நாலு பேர் முன்னால் சொல்கிறார், பொய்யா சொல்வார்?

அடுத்த நாள் ஐ.சி.யூ.வில் கணவர் காதருகே குனிந்து அந்த அம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது. "என்னண்ட கூடவா மறைச்சேள்? இத்தனை வருஷத்துல என்னண்ட ஒரு பொய் சொன்னதில்லையே நீங்க."

"நான் ஒண்ணும் மறைக்கலைடி" என்றார் அவர். அந்த அம்மாள் நம்பவில்லை, விரத நாளில் விட்டதைத்தான் டாக்டர் சொல்கிறார் என்று நான் சொன்னதையும் நம்பவில்லை. சம்பத்குமாரன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வேளாவேளைக்கு வந்து கஞ்சி கொடுப்பார், வாயைத் துடைத்துவிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

நாலைந்து நாள் கழித்து நிர்வாக இயக்குநர் அறையில் கூட்டம். உங்கள் கூட்டம் மாதிரியேதான், பூங்கொத்து மட்டும் கிடையாது. இப்படி ஆட்கள் திரும்பித் திரும்பி வந்தால் ஊர் மறுபடி பெங்களூர் பஸ் ஏறிவிடும், இதற்கு வழி சொல்லுங்கள் என்றார் இயக்குநர். பெரிய டாக்டர் உடனே ஒரு வழி சொன்னார். மாத்திரையைத் தவறாமல் போடுவேன், தவறினால் மருத்துவமனை பொறுப்பல்ல என்று நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். உதாரணத்துக்குச் சம்பத்குமாரன்; விரத விவரத்தை நான் கேஸ் தாளில் எழுதிவைத்திருந்தேன். "மூட நம்பிக்கை. ஏகாதசி என்று உயிர் காக்கும் மருந்தை விட்டிருக்கிறார்" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். டாக்டர் வார்டில் ஆங்கிலமும் கன்னடமும்தான் பேசுவார். ஆனால் ஒருமுறை அவர் தாயார் வந்தபோது தமிழில் பேசிக் கேட்டிருக்கிறேன். சம்பத்குமாரன் வீட்டுத் தமிழ் அதே தமிழ். நான் எழுந்தேன்.

"டாக்டர், ஏகாதசிக்கு உங்க வீட்ல அடுப்பு எரியுமாங்க?"

அவர் முகம் சிவந்தது. "எரியாது. அதனால் என்ன? எங்கம்மா பி.பி. மாத்திரையை எந்த ஏகாதசிக்கும் விட்டதில்லை. மருந்துக்குத் தோஷம் இல்லைன்னு எங்க வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவருக்குத் தெரியலைன்னா அது மூடத்தனம். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை."

உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்துத் திட்டத்துக்கு இயக்குநர் சரி என்றார். வார்டுக்கு வந்து நேரே சம்பத்குமாரன் கட்டிலுக்குப் போனேன். "சார், விரதத்துல மருந்து சாப்பிடலாம்னு சொல்றாங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் படுத்தபடியே சிரித்தார். கசப்பான சிரிப்பு.

"தெரியாம என்ன? ஔஷதத்துக்குத் தோஷம் கிடையாதுன்னு நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். மாத்திரையைக் கையில எடுத்தும் ஆச்சு. உடனே உங்க டாக்டர் விரல் ஞாபகம் வந்தது. வெறும் வயத்துல போட்டா உயிர் போகும்னாரோன்னோ. திருப்பி உள்ள வெச்சுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பெருமாளுக்குப் பயந்துண்டு நான் மாத்திரையை விடலை சிஸ்டர். டாக்டருக்குப் பயந்துண்டுதான் விட்டேன்."

மூட நம்பிக்கையாம்! சாஸ்திரம் போடு என்றிருக்கிறது, நாங்கள் போடாதே என்றிருக்கிறோம். எல்லா வீட்டிலும் எல்லா நாளும் வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு விரலை ஆட்டிவிட்டுப் போனோம். அக்ரஹாரத்தை விடுங்கள். பாலாறு எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, மத்தியானம் ஒருவேளை மட்டும் வயிறு நிறையத் தின்கிற கொத்தனாரிடமும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ராத்திரி டீயும் பன்னும் தின்றுவிட்டு, இது சாப்பாடா இல்லையா என்று யாரைக் கேட்பார்? திரும்பி வந்தால் அவரும் பொய்யர்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மாத்திரை போட்டீர்களா என்று கேட்காதீர்கள். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், என்ன தின்றீர்கள் என்று கேளுங்கள். போடச் சொல்வதோடு நிறுத்தாமல், சாப்பிடாத நாளில் என்ன செய்வீர்கள் என்றும் வீட்டுக்கு அனுப்புமுன் கேளுங்கள். நோயாளி உளறுகிறார் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள், அவர் சொல்வது நீங்கள் சொன்னதாகவே இருக்கலாம். அன்றிலிருந்து என் வார்டில் இப்படித்தான் கேட்க வைத்தேன். திரும்பி வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்தக் கையெழுத்துத் தாளை நான் ஒருவரிடமும் வாங்கவில்லை.

சம்பத்குமாரனை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. பெரிய டாக்டர் தூரத்திலிருந்தே, "அனுப்பிடுங்க" என்று கையசைத்துவிட்டுப் போகப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்று, கட்டிலில் சம்பத்குமாரன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிறகு, "நீங்க வந்து மாத்திரையைப் பத்தி உங்க வாயால சொன்னாத்தான் அவரை அனுப்புவேங்க" என்றேன்.

"உங்க வேலை போயிடும் சிஸ்டர்."

"போகட்டுங்க. கொள்ளேகாலத்துல எங்கண்ணன் வீடு இருக்குது. அவரை அனுப்ப மாட்டேன்."

என்னை முறைத்தார். பிறகு வந்தார். நான் அறைக் கதவருகே நின்றுகொண்டேன். வார்டில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"மாமா, சாப்பாடு உண்டோ இல்லையோ, மாத்திரை உண்டு. ஏகாதசின்னாலும் உண்டு. துளி தீர்த்தத்தோட போட்டுண்டுடுங்கோ. வயத்துக்குத் தனியா ஒரு மாத்திரை தரேன்."

சம்பத்குமாரன் வழக்கம் போல இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு நிதானமாக, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"அப்போ நான் பொய் சொல்லலை."

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். நான் நகரவில்லை. "இல்லை மாமா. நீங்க பொய் சொல்லலை."

"அதை என்னண்ட எதுக்குச் சொல்றேள்? எனக்குத்தான் தெரியுமே." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு வராந்தாவுல நின்னுண்டு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னேளாமே. இதையும் அங்கேயே போய்ச் சொல்லுங்கோ."

டாக்டர் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெஞ்சில் அன்றைக்கும் நாலைந்து பேர் இருந்தார்கள். யதுகிரி அம்மாள் மூட்டை முடிச்சுகளோடு கோடியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் முன்னால் போய் நின்று, குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "மாமி, மாமா பொய் சொல்லலை. வெறும் வயத்துல போடாதேள்னு நான்தான் சொன்னேன். தப்பு எங்களோடது" என்றார்.

யதுகிரி அம்மாள் கையிலிருந்த தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். எழுந்து நின்றார். அந்த மருத்துவமனையில் அவர் குரலை யாரும் உரக்கக் கேட்டதில்லை.

"காதுல விழலை. உரக்கச் சொல்லுங்கோ."